பருவ இறுதி ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளையின் மனநிலையையும் எழுதலாமா?

சாக்பீஸ்:
ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். 42 பிள்ளைகள். இந்த வாரம் ரிப்போர்ட் கார்டு வீட்டுக்குப் போக வேண்டும். இந்த முறை மதிப்பெண், வருகைப் பதிவுக்குக் கீழே ‘மாணவர் நலன்’ என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. மூன்று வரி எழுத இடம். பலரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘நன்று’ போட்டு முடித்துவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். பருவத் தொடக்கத்தில் இரண்டாவது பெஞ்சில் இருந்தான். யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். நோட்டுகளை வரிசையாக வைத்துப் புரட்டினேன். எழுத்து வாராவாரம் சிறிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. சரியான விடையை எழுதி, அடித்து, கீழே அதே விடையை மறுபடி எழுதி, அதையும் அடித்திருக்கிறான். மதிப்பெண் 78. போன பருவம் 80. இந்த இரண்டு எண்ணைப் பார்த்தால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எதிர்க்கிறேன் டீச்சர். உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் முன்னேற்றத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள். என் மகன் பத்தாவது. கணக்கில் 61, பக்கத்தில் ‘இன்னும் முயற்சி தேவை’. இதை வைத்து நான் என்ன செய்ய? விடைத்தாளை வாங்கி நானே உட்கார்ந்து பார்த்தேன். சமன்பாடுகளை அழகாகத் தீர்த்திருக்கிறான். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் சமன்பாட்டை அமைக்கத் தெரியவில்லை. நான்கு கேள்வியிலும் அதே இடத்தில் நின்றிருக்கிறான். முயற்சிக்கு இதில் வேலையே இல்லை, படித்துப் புரிந்துகொள்வதில் சிக்கல். இதை எழுத ஒரு வரி போதும். படிப்பைப் பற்றியே துல்லியமாக எழுத நேரமில்லாதபோது மனதைப் பற்றி எப்படித் துல்லியமாக எழுதுவீர்கள்?

இரண்டு மகள்களின் அப்பா:
கணக்குப்பிள்ளை சாருடன் நான் ஒத்துப்போகிறேன், காரணம் வேறு. மூத்தவள் பதினோராம் வகுப்பு படிக்கும்போது வந்த ரிப்போர்ட் வரி இன்னும் மனப்பாடம்: ‘படிப்பில் ஆர்வம் குறைந்து வருகிறது, வகுப்பில் மந்தமாக இருக்கிறாள்.’ அன்று இரவே அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். டியூஷன் ஒன்று கூட்டினேன். அவள் அழுதாள், ‘அப்பா, எனக்கு முடியலப்பா’ என்றாள். சாக்கு என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், மெல்ல மெல்லப் பழையபடி ஆனாள். ஆனால் அந்த வரி கோப்பில் தங்கிவிட்டது. அடுத்த வருட ஆசிரியர் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் படித்திருக்கிறார். முதல் சந்திப்பிலேயே என்னிடம், ‘ஆர்வமில்லாத பிள்ளைன்னு போட்டிருக்கே’ என்று கேட்டார். அதனால்தான் சொல்கிறேன், எழுதாதீர்கள்.

சாக்பீஸ்:
ஐயா, படித்ததும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அந்த வரிக்குப் பதில், ‘மூன்றாம் பீரியடுக்குப் பிறகு மேசையில் தலை சாய்த்துக்கொள்கிறாள். ஒரு மாதமாக விளையாட்டு பீரியடுக்கு இறங்கி வருவதில்லை. மாடி வகுப்புக்கு எப்போதும் கடைசியாக வந்து சேர்கிறாள்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் போனைப் பூட்டியிருப்பீர்களா, டாக்டரிடம் போயிருப்பீர்களா?

இரண்டு மகள்களின் அப்பா:
டாக்டரிடம் போயிருப்பேன் டீச்சர்.

(அரை மணி நேரம் கழித்துச் சேர்க்கிறேன்.) சரி, கண்ணால் கண்டதை எழுதலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் கண்டதை மட்டும் எழுதுபவர் எத்தனை பேர்? கோப்பில் எத்தனை வருடம் இருக்கும், யார் யார் படிப்பார்கள் என்பதற்கும் பதில் வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஆலோசகர் மேசை:
பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் எழுதக் கூடாது என்ற பக்கம்தான் அதிகம் சாய்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. 42 பேர் வகுப்பில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவ இறுதி என்பது அந்த ஆறு பேருக்கும் ரொம்பத் தாமதம். கடைசி பெஞ்சுக்கு அந்தப் பையன் எப்போது போனான் டீச்சர்? பல வாரம் ஆகியிருக்கும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால் அது செய்தியே இல்லை, பழைய கணக்கு.

சில பள்ளிகள் நலனுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கியிருக்கின்றன. இதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிய 25 கேள்விப் படிவம் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர், பெற்றோர், பிள்ளை என்று தனித்தனியாக நிரப்பலாம். அதுவும்கூட ‘இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்’ என்று காட்டுவதற்குத்தான், நோய்க்குப் பெயர் வைப்பதற்கு இல்லை. அப்படியிருக்க, ஒரே ஆசிரியர் இரவு பதினொரு மணிக்குப் போடும் ஐந்துக்கு இரண்டு எதைக் காட்டும்?

இன்னொன்று. குளூகர், டிநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில், பின்னூட்டம் கொடுத்த பிறகு செயல்பாடு இறங்கியிருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டுவிட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ‘மந்தமாக இருக்கிறாள்’ என்ற வரி சரியாக அதைத்தான் செய்கிறது.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாக்கியக் கணக்கில் எங்கே நிற்கிறான் என்பது வேலையைப் பற்றிய பேச்சு, ‘முயற்சி தேவை’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு.

சாக்பீஸ்:
கணக்குப்பிள்ளை சார், அந்த இடத்தில் நானும் குற்றவாளிதான். நேற்று பார்த்தேன், பதினொரு பேருக்கு ‘முயற்சி தேவை’ எழுதியிருக்கிறேன். இன்று விடைத்தாளை வைத்துக்கொண்டு மாற்றி எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டுக் குறிப்பை மட்டும் கொடுத்தால் என்ன? 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் மேலே போனார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண் இருந்தால் கண் எண்ணிலேயே நின்றுவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
அதில் இருந்தவர்கள் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர். பத்தாவது முடித்ததும் எந்தப் பாடப்பிரிவு என்று முடிவெடுக்க வேண்டிய பையனிடம் எண்ணை மறைக்க முடியாது. வேண்டுமானால் குறிப்பை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள், எண்ணை அப்புறம் கொடுங்கள்.

கூடைப்பந்து:
நான் பதினோராவது படிக்கிறேன். எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன்.

போன பருவம் எங்கள் வீட்டில் பிரச்சினை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சத்தம். எங்கள் மிஸ் ‘ஏன் தூங்கி வழியுற?’ என்று கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த மிஸ், அதனால் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் வந்தது. ‘குடும்பச் சூழல் காரணமாக மன அழுத்தத்தில் உள்ளார்.’ அப்பா கையெழுத்துப் போடவில்லை. ‘வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னியா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் மிஸ்ஸிடம் எதுவும் சொல்வதில்லை. அவர் கேட்டால் ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்பேன். மிஸ் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார் என்று தெரியும்.

ஆலோசகர் மேசை:
தம்பியோ தங்கையோ தெரியவில்லை, இதைச் சொன்னதற்கு நன்றி. நீ சொன்னதை உன்னைக் கேட்காமல் தாளில் ஏற்றியது தவறு. 1989-இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12-ஆம் பிரிவு, உன்னைப் பாதிக்கும் விஷயத்தில் உன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 16-ஆம் பிரிவு உன் தனியுரிமையைக் காக்கிறது. பதினெட்டு வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டிய உரிமை இல்லை இது.

உன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரண்டு மணி வரை விழித்திருந்தவள் அல்லது விழித்திருந்தவன் காலையில் தூங்கி வழிவது உடம்பின் கணக்கு. உன் மேல் குற்றமில்லை. வீட்டில் இன்னும் அப்படித்தான் என்றால், நீ நம்பும் ஒரு பெரியவரிடம் மறுபடி பேசு. மிஸ் வேண்டாமென்றால் வேறு யாராவது.

சாக்பீஸ்:
கூடைப்பந்து, நானும் அப்படி எழுதியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பையனைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த முதல் வரைவிலும் அவன் சொன்ன ஒரு வார்த்தை இருந்தது. எடுத்துவிட்டேன்.

கண்டது வேறு, சொல்லக் கேட்டது வேறு. கேட்டது தாளுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் அன்றைக்கே, அந்தப் பிள்ளைக்குத் தெரியப்படுத்திவிட்டு, உரியவரிடம் நேரில் சொல்வேன். ரிப்போர்ட் வரும்வரை வைத்திருக்க மாட்டேன்.

இரண்டு மகள்களின் அப்பா:
கேட்கிறேன் கண்ணு. உன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தால் உனக்குச் சரியாக இருந்திருக்கும்? என் சின்னவளுக்கும் உன் வயதுதான்.

கூடைப்பந்து:
‘முதல் இரண்டு பீரியடில் தூக்கம் வருகிறது. மதியத்துக்கு மேல் நன்றாகக் கவனிக்கிறார்.’ அவ்வளவுதான். அது உண்மை, யாரையும் மாட்டிவிடவும் இல்லை. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எனக்குக் காட்டியிருந்தால் நானே அதை எழுதிக் கொடுத்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
கட்டம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் பிள்ளையிடம் முதலில் காட்டுவது என்பது மதிப்பெண் பகுதிக்கும் சேர்த்து வரட்டும். வாக்கியக் கணக்கு விஷயத்தை என் மகனிடம் முதலில் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

சாக்பீஸ்:
வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். 42 பேரிடமும் தனித்தனியாகக் காட்ட வேண்டுமென்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலே மூன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு நாள் தள்ளிக் கேட்டிருக்கிறேன், தலைமையாசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் மட்டும் இன்று பேசினேன். மூன்று வரியையும் படித்தான். ‘எழுத்து சின்னதாகிவிட்டது’ என்ற வரியில் விரலை வைத்து, ‘இது எப்படி மிஸ் பாத்தீங்க?’ என்று கேட்டான். அந்த வரி இருக்கட்டும் என்றான். பெஞ்சு பற்றிய வரியை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.