பொருள்: தோல்புற்றைக் கண்டறிய உதவும் ‘அக்லி டக்லிங் சைன்’ (ugly duckling sign) என்ற அடையாளம் – தமிழில் ‘இனஞ்சேரா மச்சம்’ எனலாமா?

> ‘தனி மச்சம்’ போதுமே? சொல்லவும் எளிது.

எளிதுதான் ஐயா. ஆனால் ‘தனி மச்சம்’ என்றால், உடம்பிலேயே ஒரே ஒரு மச்சம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 1998இல் குரோப், போனராந்தி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் சொன்னது வேறு. ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும்: சிலருக்கு எல்லாமே தட்டையான வெளிர்பழுப்பு, சிலருக்கு மேடிட்ட கறுப்பு. அந்தச் சாயலில் சேராத ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். எனவே சொல்லில் ‘இனம்’ இருந்தாக வேண்டும்.

நேற்று பரிந்துரையாக வந்த ‘கருமச்சம்’ என்ற சொல் கண்டிப்பாக வேண்டாம். முதுகெல்லாம் பெரிய கறுப்பு மச்சங்கள் இருக்க, நடுவில் மிளகளவில் இளஞ்சிவப்பாய் ஒன்று எழும்பினால் அதுதான் இனஞ்சேராதது. மெலனோமா என்ற தோல்புற்றின் நிறமியற்ற வகை அப்படியும் வரும்.

> மெலனோமாவைக் கண்டறிய ஐந்து குறிகள் இருக்கும்போது இது எதற்கு?

சமச்சீரின்மை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள், 6 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டம், மாற்றம் – இவை அவசியமே. ஆனால் முடிச்சு வகை மெலனோமா சிறிதாய், உருண்டையாய், ஒரே நிறத்தில் இருந்து முதல் நான்குக்கும் தப்பிவிடலாம். அதை வேகமான வளர்ச்சியும் இனஞ்சேராமையும்தான் காட்டிக்கொடுக்கும்.

விளக்கத்தில் பார்க்கும் முறையையும் சேர்த்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் முதலில் முதுகு முழுவதும் ஒரே படத்தில் விழ வேண்டும். பிறகுதான் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கிட்டத்துப் படம். கிட்டத்துப் படம் மட்டும் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது, சொல்லுக்கே பொருளில்லை.

> இனஞ்சேராதது எப்போதும் மச்சமாகவே இராதே. ‘புள்ளி’ எனலாமா?

உண்மைதான். நடுவயதுக்கு மேல் மெழுகை அப்பியதுபோல் வரும் செபோரிக் கெரட்டோசிஸ், இருபுறமும் கிள்ளினால் நடுவில் குழிந்துபோகும் தோல்நார்க்கட்டி இரண்டும் தீங்கற்றவை. இரண்டுமே மற்ற மச்சங்களோடு சேராமல் நிற்கும். ஆனால் முடிச்சைப் ‘புள்ளி’ என்றால் பொருந்தாது. ‘மச்சம்’ இருக்கட்டும், ‘சேராததெல்லாம் புற்று அல்ல, தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்க்க வேண்டியது’ என்று விளக்கத்தில் எழுதுவோம்.

இன்னொரு வரம்பும் எழுத வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் ஒப்பிட இனமே இராது. கருந்தோலில் மெலனோமா அதிகம் தோன்றுவதோ அங்கேதான். ஒரே நகத்தில் புதிதாக விழுந்த கருங்கோடு அகன்றுகொண்டே போனாலும், அதன் நிறம் நகக்கண் தோலில் பரவினாலும், இந்த அடையாளத்துக்காகக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும்.