இசைப்பள்ளி ஆண்டு விழா: மேடையில் எதைக் குறைக்கலாம்? பலா நடலாமா?

சுருதிப்பெட்டி
எங்கள் ஊர் இசைப்பள்ளியில் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் என்று 40 மாணவர்கள். பிப்ரவரியில் ஆண்டு விழா. மூன்று மணி நேரம், 200 பேர் வருவார்கள். ஃபிளக்ஸும் பாட்டில் தண்ணீரும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வேறு எதைக் குறைத்தால் உண்மையான பலன் கிடைக்கும்? வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரம்தான் என்பதால், மேடையிலேயே ஊர்க்காரர்களுக்குப் பலாக்கன்று கொடுக்க ஆசை. சரிவருமா?

மேடைவெளிச்சம்
முதலில் விளக்கைப் பாருங்கள். வாடகைக்கு வரும் பழைய பார் லைட் (PAR, மேடைமேல் ஒளி பாய்ச்சும் விளக்கு) ஒன்று 1000 வாட். எட்டு விளக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் 24 யூனிட். எல்இடி பார் என்றால் ஒன்றுக்குச் சுமார் 150 வாட்; மொத்தமே 3.6 யூனிட்தான். சுமை இவ்வளவு குறைந்தால் பெரும்பாலும் மண்டபத்து மின்சாரமே போதும். ஜெனரேட்டரை மின்வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

பழைய விளக்கின் சூட்டில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். அந்தத் தொல்லையும் போகும். விளக்குக்கும் மைக்குக்கும் தனித்தனி லைன் கேளுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் தம்புராவோடு கலந்து கேட்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஐந்தாறு, எவர்சில்வர் டம்ளர் 80, கழுவ இரண்டு ஆள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைதான்.

வேர்ப்பலா
பலா நல்ல தேர்வு, பிப்ரவரிதான் தப்பு. அப்போது கொடுக்கும் கன்று வேர் பிடிக்குமுன் கோடை வந்துவிடும், பாதிக்கு மேல் காய்ந்துபோகும். விழாவில் இடமுள்ள வீடுகளின் பெயரை மட்டும் எழுதி வாங்குங்கள்.

பழம் வரும் காலத்தில் கொட்டையை எடுத்துக் கழுவி, ஒரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். காய்ந்த பலாக்கொட்டை முளைக்காது. பையில் அதிக நாள் வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும், நட்டாலும் தேறாது. அதனால் சிறிய கன்றாகவே, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் நடுங்கள். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர். மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரம், 1 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. மரத்துக்கு மரம் 8 மீட்டர். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டவே வேண்டாம், வேர் அழுகும். ஆட்டுக்குப் பலா இலை என்றால் உயிர், முள்வேலி இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்காது. முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்ற மரத்துக்கு இரண்டு மாணவர் என்று பொறுப்புக் கொடுங்கள்.

வாத்தியத்துக்கு ஆகும்படி மரத்தின் நடுப்பகுதி முற்றி வைரம் ஏற பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஊரார் பழத்துக்காகவும் நிழலுக்காகவும் காப்பாற்றினால்தான் மரம் அதுவரை நிற்கும். அதைச் சொல்லியே கேளுங்கள்.

சுருதிப்பெட்டி
கன்று கொடுப்பதை நிறுத்திவிட்டோம், பெயர்ப் பட்டியல் மட்டும். புது மாணவர்களுக்கு மூன்று வீணை வாங்க வேண்டியிருக்கிறது. பழையது வாங்கலாமா?

மெழுகுமேளம்
தாராளமாக. வாசிக்க ஆளில்லாமல் பரணில் கிடக்கும் வீணை பல வீடுகளில் உண்டு. அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டுக் கேளுங்கள். குடத்தில் (உருண்டையான அடிப்பகுதி) விரிசல், தண்டியில் (நீண்ட கழுத்து) வளைவு, பூச்சி அரித்த துளை, இந்த மூன்றும் இல்லையென்றால் எடுக்கலாம். மேளம் (தண்டியின்மேல் மெழுகில் பதித்த மெட்டுகள், அதாவது ஸ்வரம் பிடிக்கும் உலோகத் துண்டுகள்) தேய்ந்திருந்தாலோ மெழுகு உதிர்ந்திருந்தாலோ பயப்பட வேண்டாம். புதிதாக மேளம் கட்டி, தந்தி மாற்றினால் போதும். கட்டிய வீணையை வெயிலில் மூடிய காருக்குள் வைக்காதீர்கள். மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்தால் சுருதி கெட்டு, மறுபடி கட்ட வேண்டி வரும்.