ஈருறுப்புப் பரவலை எங்கே போடலாம், எங்கே கூடாது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செங்கோட்டை கணக்கு டீச்சர்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஈருறுப்புப் பரவலின் (binomial: குறித்த எண்ணிக்கை முயற்சியில் எத்தனை வெற்றி வரும் என்பதன் வாய்ப்பு) சூத்திரம் மனப்பாடம். எந்தக் கணக்குக்கு அது என்றால்தான் திணறல். வெற்றி, தோல்வி என்று இரண்டே முடிவு இருந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் மலை ஏறி கேரளத்து ஆரியங்காவு போனால் சீட்டு தொங்காத கடைத்தெரு இல்லை. அதையே பாடமாக்கினேன். கடைசி நாலு இலக்கத்துக்கு ஒரே ஒரு பரிசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டுக்கு வாய்ப்பு 10,000-ல் 1. ஒருவர் வாரம் ஒன்றாக 12 வாரம் வாங்குகிறார். ஒரு வாரக் குலுக்கல் அடுத்த வாரத்தைத் தொடாது, வாய்ப்பும் மாறாது, 12 என்பதும் முன்பே முடிவானது. இது ஈருறுப்பு. இன்னொருவர் ஒரே குலுக்கலுக்கு 12 சீட்டு ‘செட்’டாக வாங்குகிறார், சீரிஸ் வேறு, கடைசி நாலு இலக்கம் ஒன்றே. விழுந்தால் பன்னிரண்டும் விழும், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. மூன்றாமவர் அதே குலுக்கலுக்கு வெவ்வேறு 12 எண் எடுக்கிறார். அவருக்கு ஒன்றுக்கு மேல் விழவே விழாது.

மூவருக்கும் விழும் பரிசு எண்ணிக்கையின் சராசரி ஒரே அளவுதான், 10,000-ல் 12. “சராசரி ஒண்ணா இருந்தும் பரவல் வேறயா டீச்சர்?” என்று கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ‘சார்பற்ற முயற்சி’ (ஒன்றின் முடிவு மற்றதைத் தொடாதது) என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

போடி ஏலக்காய்:
எங்கள் தொழிலில் இது தினமும் வரும். பெரிய மூட்டையில் நன்றாகக் கலந்துவிட்டு 10 காய் எடுத்து, வெடித்த காய் எத்தனை என்று பார்த்தால் ஈருறுப்பே போதும். எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டாலும் மூட்டையின் விகிதம் அசையாது. சின்ன சாம்பிள் பொட்டலத்தில் அது செல்லாது. 20 காயில் 2 வெடித்தது என்று தெரியும். அதிலிருந்து 10 எடுக்கிறோம். பத்தில் ஒன்று என்று ஈருறுப்பில் போட்டால், 3 வெடித்த காய் வர சுமார் 5.7 சதவீத வாய்ப்பு என்கிறது. இருப்பதே இரண்டு, மூன்றாவது எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் அதிபெருக்குப் பரவல்தான் (hypergeometric: எடுத்ததைத் திரும்பப் போடாமல் எடுப்பதற்கான கணக்கு) சரி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்தால் மட்டும் ஈருறுப்பைத் தொடுவேன். மேலே நல்ல காயும் அடியில் பொடியுமாக அடுக்கிய மூட்டை என்றால் அதுவும் இல்லை, கைக்குக் கை வாய்ப்பு மாறும்.

பாலக்காடு நாற்றங்கால்:
50 நெற்றுத் தேங்காய் பதித்து எத்தனை முளைக்கும் என்பதும், 10 நாற்று தேறும்வரை எத்தனை பதிக்க வேண்டும் என்பதும் ஒரே கணக்கா டீச்சர்?

செங்கோட்டை கணக்கு டீச்சர்:
இல்லை அண்ணா. முதலாவதில் 50 நிலையானது, முளைப்பது மாறும், ஈருறுப்பு. இரண்டாவதில் 10 நிலையானது, பதிப்பது மாறும். அது எதிர்ம ஈருறுப்பு. ஒரு பாத்தியில் அழுகல் வந்து பக்கத்துக் காய்களுக்கும் பரவினால் முதலாவதும் நிற்காது. உங்கள் பாத்தியில் அப்படிப் பரவுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.