லேகியமா, ஊசியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். வயது 48, சர்க்கரை வந்து 11 வருடம். ஒரு வருடமாக ஆணுறுப்பு விறைப்பு சரியில்லை. விடியற்காலையில் தானாக வருவதும் நின்றுவிட்டது. கால் செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. நரம்பு பாதிப்பு என்கிறார் டாக்டர். நரம்பு நுனியில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்தால்தான் ரத்தம் பாயுமாம். சில்டெனாபில் (வயாகரா) மாத்திரை எனக்கு அரைகுறையாக வேலை செய்வது அதனால்தானாம்.

மச்சான் அமுக்கரா (அஸ்வகந்தா) லேகியம் வாங்கித் தந்தார். பாதி வெல்லம்! பத்து நாளில் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி வைப்பவர்களிடம் போக மனமில்லை.

அமுக்கராவைச் சூரணமாக, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டவர்கள் உண்டா? சர்க்கரை ரொம்ப இறங்கியதா? விறைப்புக்கான வேக்குவம் பம்ப், உறுப்பிலேயே போடும் ஊசி யாருக்காவது பலன் தந்ததா? உள்பெட்டியில் சொன்னாலும் சரி.