நாற்பது பக்கங்களை வெட்டியதால்தான் நாவல் வெளிவந்ததா?

மைக்கூடு:
முதல் நாவலை வெளியிட்டிருக்கும் வளர்பிறை அவர்கள் தமது வெற்றியின் இரகசியத்தை நேற்று இந்த இணையக் குழுவில் அறிவித்தார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கைப்பிரதியைக் கட்டணம் செலுத்தி ஒரு தொழில்முறை எடிட்டரிடம் கொடுத்தாராம். அவர் முதல் நாற்பது பக்கங்களை வெட்டச் சொன்னாராம். வெட்டியதும் அடுத்த பதிப்பகமே ஏற்றுக்கொண்டதாம். ஆகவே எடிட்டரின் அறிக்கை இல்லாமல் எந்தப் புதிய எழுத்தாளரும் கைப்பிரதியை வெளியே அனுப்பக் கூடாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். தமக்கு ஒருமுறை நேர்ந்ததை ஊருக்கெல்லாம் சட்டமாக்குவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாற்பது பக்கங்கள் வீண் என்பது எழுதியவருக்கே தெரியாமல் போனது எப்படி? அந்த நாற்பது பக்கங்களில் அப்படி என்னதான் இருந்தது?

வளர்பிறை:
கேட்டதால் சொல்கிறேன். கதாநாயகியின் பாட்டி, தாய், பிறந்த வீடு, அந்த வீட்டின் வழக்கு ஆகியவை இருந்தன. எழுதும்போது அவை அனைத்தும் எனக்குத் தேவைப்பட்டன, ஏனெனில் அவற்றை எழுதித்தான் அவளை நான் அறிந்துகொண்டேன். ஆனால் வாசகருக்கும் அதே வழியில்தான் அவள் அறிமுகமாக வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதிப்பகங்களிலிருந்து வந்தவை ‘எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை’ என்னும் வகையிலான இரண்டு வரி மறுப்புகள். அவற்றை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் அவள் முதன்முதலாகத் தானே ஒரு முடிவை எடுக்கிறாள், அதுவரை எல்லாம் அவளுக்கு நிகழ்கின்றனவே தவிர அவள் எதையும் செய்வதில்லை என்று எடிட்டரின் அறிக்கைதான் சுட்டிக்காட்டியது. வெட்டியது நான்.

மைக்கூடு:
நேற்று ‘வெட்டச் சொன்னார்’, இன்று ‘சுட்டிக்காட்டினார்’. ஒரே இரவில் எடிட்டர் இவ்வளவு மென்மையானவராகிவிட்டாரே! அவர் கட்டளையிட்டிருந்தால் நாவலின் தொடக்கத்தைத் தீர்மானித்தவர் அவர். வெறுமனே சுட்டிக்காட்டியிருந்தால் அதைக் கூர்மையான எந்த வாசகரும் இலவசமாகச் செய்திருப்பார். இரண்டில் எது என்று சொல்லிவிடுங்கள்.

கூர்முனை:
நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைக் கண்டுபிடித்தது போல யாரும் மகிழ வேண்டாம். நண்பர் கேட்கும் இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. கூர்மையான வாசகர் ‘தொடக்கம் சலிப்பூட்டுகிறது’ என்பார். அது உண்மையாகவும் இருக்கும். சலிப்பு எங்கே தொடங்குகிறது, எந்தத் தகவலைப் பின்னுக்குத் தள்ளினால் அது நீங்கும், தள்ளினால் பின்னால் எந்த அத்தியாயம் ஆட்டம் காணும் என்பதைச் சொல்வதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் முதல் நாவலான ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1957-இல் பதிப்பகத்துக்கு வந்தபோது இருந்த வடிவம் வேறு. எடிட்டர் டே ஹோஹாஃபுடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதிய பிறகு 1960-இல் வெளிவந்த வடிவம் வேறு. பழைய வடிவம் 2015-இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்னும் தனி நூலாகவே வந்துவிட்டது. ஐயமிருப்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஹோஹாஃப் அந்த நாவலை எழுதவில்லை, அதை எழுதும் திறமை லீயிடம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

மைக்கூடு:
எதிர்பார்த்த உதாரணம்தான், நன்றி. ஹோஹாஃப் பதிப்பகத்தில் சம்பளம் வாங்கியவர். லீ அவருக்குக் கட்டணம் செலுத்தவில்லை, மாறாகப் பதிப்பகம்தான் லீக்கு முன்பணம் கொடுத்தது. கைப்பிரதி முதலில் ஏற்கப்பட்டது, செம்மையாக்கம் பிறகு நடந்தது. இங்கே விற்கப்படும் சரக்கோ நேர்மாறானது: முதலில் எழுத்தாளர் பணம் கொடுக்க வேண்டும், ஏற்பு பிறகு வந்தாலும் வரலாம். அதோடு எடிட்டர் கோர்டன் லிஷ் அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வரின் கதைகளை என்ன செய்தார் என்பதை நண்பர் வசதியாக மறந்துவிட்டார். 1981-இல் வந்த தொகுப்பில் பல கதைகள் பாதிக்கும் மேல் வெட்டப்பட்டிருந்தன. நூலை நிறுத்தும்படி கார்வர் அதற்கு முந்தைய ஆண்டு கடிதம் எழுதி மன்றாடியும் அது வெளிவந்தது. வெட்டப்படாத வடிவத்தை வாசகர்கள் நூலாகப் பார்க்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது பக்கங்களைப் பற்றி நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்பது இப்போதாவது புரிகிறதா?

ஒற்றெழுத்து:
புரியவில்லை. கார்வரின் முதல் பெரிய தொகுப்பு 1976-இலேயே வந்துவிட்டது. 1981-இல் அவர் புதிய எழுத்தாளரே அல்லர். அந்தத் தொகுப்புதான் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது என்பதையும் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்.

மைக்கூடு:
புகழ் யாருடையது என்பதுதானே கேள்வி! பாதியை வெட்டி எறிந்த கைக்கா, எழுதிய கைக்கா? வளர்பிறை அவர்களின் நாவலைப் பாராட்டுவோர் இனி யாருக்கு வாழ்த்து அனுப்ப வேண்டும்?

வளர்பிறை:
எனக்கே அனுப்பலாம். எடிட்டர் ஒரு வாக்கியத்தைக்கூட எனக்காக எழுதித் தரவில்லை. ‘இங்கே அவள் ஏன் மௌனமாக இருக்கிறாள்?’ போன்ற கேள்விகள்தான் ஓரங்களில் இருந்தன. அவருடைய ஆலோசனைகளில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. முடிவை மாற்றலாம் என்றார், மாற்றவில்லை, பதிப்பகமும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மைக்கூடு:
ஆக, முடிவைப் பற்றி அவர் சொன்னது தவறாகப் போய்விட்டது! அவ்வாறெனில் நாற்பது பக்கங்களைப் பற்றி மட்டும் அவர் சொன்னது வேதவாக்கு என்பதற்கு என்ன சான்று? அடுத்த பதிப்பகம் அந்த நாற்பது பக்கங்களோடும் ஏற்றுக்கொண்டிருக்கலாமே? ஒரே சமயத்தில் கைப்பிரதியும் மாறியது, பதிப்பகமும் மாறியது. எது காரணம் என்று எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?

கூர்முனை:
கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்பவரின் மனத்தில் வேறு கணக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு மைக்கூடு அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருடைய சிறுகதைக்கு நான் குறிப்புகள் எழுதினேன். கடைசிப் பத்தி கதையை விளக்குகிறது, அது வேண்டாம் என்றேன். அன்று முதல் செம்மையாக்கம் என்று எவர் வாய் திறந்தாலும் அவர் வந்துவிடுகிறார்.

மைக்கூடு:
அந்தக் கடைசிப் பத்தியோடுதான் அக்கதை இதழில் வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

கூர்முனை:
ஆம், படித்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

வெற்றுத்தாள்:
மன்னிக்கவும், முதல் நாவலை முடித்துவிட்டு நிற்பவன் நான். எழுத்துப்பிழை பார்க்கவும் கதையின் அமைப்பைப் பார்க்கவும் ஒரே ஆளை அணுகலாமா? எடிட்டர் நல்லவரா என்பதை எப்படி அறிவது?

ஒற்றெழுத்து:
இரண்டும் வெவ்வேறு வேலைகள். முதலில் அமைப்பு, பிறகு வாக்கியம், எழுத்துப்பிழை பார்க்கும் மெய்ப்பு கடைசியில். வெட்டப்படப்போகும் அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்துவது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது. உங்கள் வகை நாவல்களில் பழகியவரா என்று கேளுங்கள். முழுவதையும் ஒப்படைக்கும் முன் சில பக்கங்களை மாதிரிக்குப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பதிப்பகம் நிச்சயம் கிடைக்கும் என்று உறுதி தருபவரை நம்பாதீர்கள். அறிக்கை வந்த அன்றே பதில் எழுதவும் வேண்டாம், சினம் தணியட்டும்.

மைக்கூடு:
தம்பி வெற்றுத்தாள், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிரதியைச் சில மாதங்கள் மூடி வைத்துவிட்டு வேறொருவர் எழுதியதைப் போல உரக்கப் படியுங்கள். எந்த நாற்பது பக்கங்கள் வீண் என்பது உங்கள் நாக்குக்கே தெரிந்துவிடும். பிறர் கையில் ஒருமுறை கொடுத்துவிட்டால் ‘அவர் இல்லாமல் இவரால் முடியாது’ என்னும் பேச்சு ஆயுள் முழுவதும் தொடரும். அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் உல்ஃப் தம் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸை விட்டு 1937-இல் விலகியதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஒற்றெழுத்து:
விலகிய கதையைச் சொல்பவர், 1929-இல் உல்ஃபின் முதல் நாவல் வெளிவர யார் காரணம் என்பதையும் சொல்ல வேண்டாமா? அளவு மீறிய நீளமுள்ள அந்தக் கைப்பிரதியைப் பிற பதிப்பகங்கள் மறுத்த பிறகு, உட்கார்ந்து சுருக்க உதவியவர் அதே பெர்க்கின்ஸ்தான். மறுக்கப்பட்டது, சுருக்கப்பட்டது, வெளிவந்தது. வளர்பிறை அவர்கள் சொன்னதும் இதையேதான்.

மைக்கூடு:
பெர்க்கின்ஸும் பதிப்பகத்தின் ஊழியர்தான். உல்ஃப் அவருக்குக் கட்டணம் செலுத்திய சீட்டு உங்களிடம் இருந்தால் இங்கே பதிவிடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கூர்முனை:
கட்டணம் வாங்குவது குற்றமா? பதிப்பகங்கள் முன்போலக் கரடுமுரடான கைப்பிரதியை எடுத்து ஆண்டுக்கணக்கில் வளர்ப்பது அரிதாகிவிட்டதால்தான் அந்த வேலை வெளியே வந்திருக்கிறது. இதையே எத்தனை முறை சொல்வது?

மைக்கூடு:
சீட்டு இன்னும் வரவில்லை.

வெற்றுத்தாள்:
மாதிரிக்கு எந்தப் பக்கங்களைக் கொடுப்பது என்று யாராவது சொல்வீர்களா? தொடக்கத்தையா, நடுவிலிருந்தா?