விசைகள் சமமாக இருந்தால் பொருள் எப்படி நகரும்? உங்களுக்குப் புரிந்த தருணம் எது?

நான் முதலில் எழுதுகிறேன். 100 கிலோ பெட்டியை ஒரு கிரேன் விநாடிக்கு 2 மீட்டர் என்ற மாறாத வேகத்தில் மேலே தூக்குகிறது. கம்பியின் இழுவிசை எவ்வளவு? பள்ளித் தேர்வில் வந்த கேள்வி. விடை 980 நியூட்டன், அதாவது பெட்டியின் எடைதான். நான் 980-ஐவிட அதிகம் என்று எழுதியிருந்தேன். மேலே போகிறதே, மேல்நோக்கிய விசை கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டாமா? ஆசிரியர் சொன்ன விளக்கம் மனதில் ஒட்டவே இல்லை.

பல வருடம் கழித்து, முள் வைத்த எடை இயந்திரம் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்து ஏறி நின்றேன். என் எடை 58 கிலோ. கிளம்பும்போது முள் 62-க்குத் தாவியது. ஓரிரு விநாடிதான், அப்புறம் 58-க்கே வந்துவிட்டது. மாடி மாடியாக மேலே போய்க்கொண்டிருக்கிறேன், முள் அசையவில்லை! நிற்கப் போகும்போது 54-க்கு இறங்கி, மறுபடி 58. அந்தக் கூடுதல் விசை வேகம் பிடிக்க மட்டுமே தேவைப்பட்டது. பிடித்த வேகத்தில் தொடர்ந்து போக அது தேவையே இல்லை. கம்பிக்கும் அப்படித்தான் என்று அங்கேயே புரிந்தது.

---

லிஃப்ட் அனுபவம் எழுதியவருக்கு நன்றி. நான் இயற்பியல் ஆசிரியர். தரையில் ஒரு பெட்டியை 20 நியூட்டன் விசையில் தள்ளுகிறோம், உராய்வும் 20 நியூட்டன் என்றால், "அப்போ பெட்டி நகராது சார்" என்று வகுப்பே சொல்லும். அது ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தால்? அங்கேதான் அமைதியாகிவிடுவார்கள். நிகர விசை சுழி என்றால் திசைவேகம் மாறாது, அவ்வளவுதான். அந்தத் திசைவேகம் சுழியாகவும் இருக்கலாம், விநாடிக்கு 2 மீட்டராகவும் இருக்கலாம். 1687-இல் நியூட்டன் தம் முதல் விதியில் ஓய்வையும் நேர்கோட்டில் சீராகச் செல்வதையும் சேர்த்தே சொன்னார். எனக்கு அந்த விதியில் மிகவும் பிடித்த இடம் அது.

தள்ளுவதை நிறுத்தினால் பெட்டி நிற்பது, விசை தீர்ந்துபோனதால் அல்ல. உராய்வு மட்டும் தனியாக மிஞ்சுவதால்.

இன்னொன்று, வளைவில் ஒரே வேகத்தில் திரும்பும் வண்டியை இதில் சேர்க்காதீர்கள். திசை மாறுகிறது, அதனால் நிகர விசை இருக்கிறது.

---

நான் பாராசூட்டில் ஒருமுறை குதித்திருக்கிறேன், பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. விரிவதற்கு முன் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். காற்றுத் தடையும் எங்கள் எடையும் சமமானதால் வேகம் அதற்கு மேல் ஏறவில்லை. முற்றுத் திசைவேகம் என்பது அதுதான். பாராசூட் விரிந்த பிறகு கீழ்நோக்கிய வேகம் விநாடிக்குச் சுமார் 5 மீட்டர். அப்போதும் அதே எடை, அதற்குச் சமமான அதே தடை. விசைகள் மாறவில்லை, வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்கு!

விரியும் நேரத்தில் யாரோ மேலே இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு கணம்கூட நாங்கள் மேலே போகவில்லை. மேல்நோக்கிய விசை கூடுதலாக இருந்தும் இறங்கிக்கொண்டேதான் இருந்தோம், மெதுவாக, இன்னும் மெதுவாக.

---

அதை நானும் பார்த்தேன்! கீழே இறங்கும் லிஃப்ட் நிற்கப் போகும்போது முள் 62-க்கு ஏறியது, இறங்கிக்கொண்டிருக்கும்போதே.