டிரைவரைப் பையிலேயே வைத்திருந்த நான்கு மாதங்கள்

கோல்ஃபில் டீயில், அதாவது ஒவ்வொரு ஹோலுக்கும் (குழிக்கும்) முதல் அடி அடிக்கும் இடத்தில், தூரம் முக்கியமா, நேராகப் போவது முக்கியமா? இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் நின்று அடிவாங்கியவன் நான். என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுடையதை எழுதுங்கள்.

எனக்கு ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 19. டிரைவர், அதாவது அதிகத் தூரம் அடிக்கும் மட்டை, நன்றாகப் பட்டால் 250 யார்டு போகும். படாவிட்டால் வலது பக்கம் வளைந்து வளைந்து வேலியைத் தாண்டிவிடும். ஒரு போட்டியில் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவரோடு சேர்த்துவிட்டார்கள். அவர் டீயில் அடித்தது ஒருமுறைகூட 190 யார்டைத் தாண்டவில்லை. அவருடைய பந்தைக் கடந்து நடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. 14ஆவது ஹோலில் வலது ஓரம் முழுக்க ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே; பந்து அங்கே போனால் ஒரு அடி அபராதத்தோடு அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். அவர் எப்போதும்போல் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். என் முதல் பந்து வெளியே, அடுத்ததும் வெளியே. அதே டீயில் நின்று ஐந்தாவது அடியை அடிக்கப் போகிறேன், "அவசரமே இல்லை தம்பி" என்கிறார். அன்று மொத்த அடிகளில் அவர் 86, நான் 98; குறைந்தவருக்குத்தான் ஜெயம்.

ரோஷம் வந்துவிட்டது. நான்கு மாதம் டிரைவருக்கு உறையே கழற்றவில்லை. எல்லா ஹோலிலும் ஹைப்ரிட் என்ற சின்ன மட்டை, 200 யார்டு. பந்து தொலைவது நின்றது, ஆனால் ஸ்கோர் இரண்டு அடிக்குமேல் குறையவில்லை. முன்பு 8 அயர்ன் மட்டை எடுத்த இடத்தில் இப்போது 4 அயர்ன் (எண் குறையக் குறையத் தூரம் கூடும், அடிப்பதும் கடினம்). அதில் நான் கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையில்) நிறுத்துவது பத்தில் ஒன்று.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்து 5 டிகிரி விலகிக் கிளம்பினால் 250 யார்டில் சுமார் 22 யார்டு தள்ளி விழும், 200 யார்டில் பதினேழரை. ஆக, 50 யார்டைக் கொடுத்துவிட்டு நாலரை யார்டை வாங்கியிருக்கிறேன்! டிரைவரின் முகம் சாய்வு குறைந்தது, அதில் பந்து இன்னும் கூடுதலாக வளையும் என்பது உண்மைதான். அதைச் சேர்த்தாலும் நல்ல பேரமில்லை.

ஆனால் ஃபேர்வேயை (நடுவே ஒட்ட வெட்டிய புல்வழியை) விட்டு ரஃபில் (ஓரத்து உயரமான புல்லில்) விழுந்தால் ஒன்றுமில்லை என்றும் நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஆட்டங்களை அடி அடியாகப் பிரித்துப் போட்ட கணக்கில், 120 யார்டு தூரத்தில் ரஃபிலிருந்து பந்தைக் குழியில் போட ஒரு ஆட்டக்காரருக்குச் சராசரியாக 3.08 அடி (ஷாட்) தேவை. ஃபேர்வேயில் 180 யார்டிலிருந்தும் அதே 3.08. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே ரஃப் இவ்வளவு பறிக்கிறது. இருந்தாலும் அது கால் அடிக்குள் அடங்கும் நஷ்டம். ஓபி முழுதாக இரண்டு அடியைத் தின்றுவிடும்.

2020 யூஎஸ் ஓபனில் பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேயில் 23 மட்டுமே பிடித்து ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்ததை உதாரணம் காட்டாத ஆளில்லை. அவர் பந்து ரஃபில் கிடந்தது, வேலிக்கு வெளியே அல்ல. அந்த ரஃபிலிருந்து வெட்டி எடுக்கும் கையும் அவருக்கு உண்டு.

பழைய ஸ்கோர் அட்டைகள் பத்தை எடுத்து, டீயில் அபராதம் வாங்கிய இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். மொத்தம் 26 வட்டம். அதில் 19 மூன்றே ஹோல்களில்! இப்போது அந்த மூன்றில் ஹைப்ரிட், மற்றதில் டிரைவர். ஃபேர்வே கிடைத்ததா என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

*

உங்கள் கதையைப் படித்தேன். என் பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். டீயில் 150 யார்டு, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். கூட ஆடுபவர்கள் "நீங்கள் தவறவிடுவதே இல்லையே மேடம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 380 யார்டு பார் 4-ல் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோலில்) மூன்றாவது அடியிலும் கிரீன் அருகில்தான் நிற்பேன்.

கேல்வின் பீட் 1981 முதல் 1990 வரை பத்து வருடம் தொடர்ந்து பிஜிஏ டூரில் டிரைவிங் துல்லியத்தில் முதலிடம், 12 பட்டங்களும் வென்றார். அவரை நினைத்துத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அவர் 150 யார்டு அடித்தவர் அல்லவே. பயிற்சியாளர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "மூன்று வாரம் பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் வேகமாகச் சுற்றுங்கள்." முதல் வாரம் மானம் போயிற்று, பக்கத்து ஃபேர்வேயில் ஆடியவர்கள் குனிந்துகொண்டார்கள். இப்போது 168 யார்டு போகிறது. தினம் நான்கைந்து ரஃபில் விழுகிறது. ஸ்கோர் மூன்று குறைந்திருக்கிறது. ஒன்று முன்பே செய்திருக்க வேண்டும்: குழிக்கு இன்னும் அருகில் இருக்கும் முன் டீக்கு மாறுவது. வீம்புக்காக ஒரு வருடம் வீணாக்கினேன்.

*

14ஆவது டீயில் ஐந்தாவது அடி என்று படித்ததும் வயிறு கலங்கியது, எனக்கும் அப்படி ஒரு ஹோல் உண்டு. உங்கள் மைதானத்தில் 2019-ல் வந்த அந்த உள்ளூர் விதி அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓபி போனாலோ தொலைந்தாலோ டீக்குத் திரும்பாமல், பந்து வெளியேறிய இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் இரண்டு அடி அபராதத்தோடு போட்டு ஆடலாம். பெரிய போட்டிகளில் கிடையாது. நண்பர்களோடு ஆடும்போது பின்னால் காத்திருப்பவர்களின் முறைப்பாவது மிச்சம்.

அந்தப் பெரியவரோடு மறுபடி ஆடினீர்களா?